துணைக்கு யார்?



ஒரு பெண் வெளியூர் கிளம்புகிறாள் என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “துணைக்கு யார் வர்றா?” என்பதுதான். ஊர் எது, செலவு எவ்வளவு, எப்போது திரும்புவாள் என்பதெல்லாம் அப்புறம். கடல் கடக்கும் பயணம் என்றால் அந்தக் கேள்வி இன்னும் உரக்கக் கேட்கும். கடந்த 170 ஆண்டுகளில் இதற்குப் பெண்கள் சொல்லிவந்த பதில் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். அப்பா வருகிறார், அண்ணன் வருகிறார், கணவர் வருகிறார், மகன் வருகிறான் என்ற பதில்கள் நெடுங்காலம் இருந்தன. பிறகு ஒரு கட்டத்தில், “சுற்றுலா நடத்துபவர் வருகிறார்” என்று பதில் மாறியது. இன்றைக்கு, “என்னோடு இன்னும் முப்பது பெண்கள் வருகிறார்கள்” என்று சொல்லும் காலம் வந்திருக்கிறது.

முதுகுப்பையோடு தனியே உலகம் சுற்றும் இளம்பெண்களைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. அவர்கள் பாராட்டுக்கு உரியவர்கள்தான். ஆனால் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள், அதிலும் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, ஐம்பதைக் கடந்த பிறகு முதல் பாஸ்போர்ட் எடுத்தவர்கள், எல்லை தாண்டியது பெரும்பாலும் குழுவோடுதான். குழுச் சுற்றுலாவைச் சோம்பேறிகளின் பயணம் என்று ஏளனமாகப் பேசுவோர் இந்த வரலாற்றைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

நான்கு சகோதரிகள்

1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்கு ஒரு சிறப்பு ரயில் புறப்பட்டது. சுமார் 500 பேர் பயணம் செய்தார்கள். தலைக்கு ஒரு ஷில்லிங். ஏற்பாடு செய்தவர் தாமஸ் குக் என்ற மதுவிலக்குப் பிரசாரகர். மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிய இந்த வேலைதான் பிற்பாடு உலகப் புகழ்பெற்ற சுற்றுலா நிறுவனமாக வளர்ந்தது.

1855-இல் குக் முதன்முறையாக ஒரு குழுவை ஐரோப்பியக் கண்டத்துக்கு அழைத்துப் போனார். பெல்ஜியம், ஜெர்மனியின் ரைன் நதிக்கரை ஊர்கள், கடைசியில் கண்காட்சி நடந்துகொண்டிருந்த பாரிஸ். அந்தக் குழுவில் லிங்கன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சகோதரிகள் இருந்தார்கள். உறவுக்கார ஆண் ஒருவரும் உடன் வரவில்லை. தெரிந்தவர்கள் பலர் இது அடக்கமில்லாத காரியம் என்று முகம் சுளித்தார்கள். சகோதரிகளில் ஒருவரான மெட்டில்டா, குக் போன்றவரின் பொறுப்பில் போகும்போது எந்த ஊருக்கும் அஞ்சாமல் போகலாம் என்ற கருத்தைப் பின்னாளில் எழுதிவைத்தார். துணைக்கு யார் என்ற கேள்விக்கு, உறவினர் அல்லாத ஒருவரின் பெயரைப் பதிலாகச் சொல்லிவிட்டுப் பெண்கள் கப்பலேறியது அவர்களின் சமூகத்துக்குப் புதிது. பணக் கணக்கில் அந்தப் பயணம் குக்குக்கு நட்டம். ஆனால் பெண்கள் தன்னை நம்பி வருவார்கள் என்பதை அவர் புரிந்துகொண்டார்.

எட்டு ஆண்டு கழித்து, 1863 ஜூன் 26 காலையில் லண்டன் பாலம் ரயில் நிலையத்திலிருந்து அவருடைய முதல் சுவிட்சர்லாந்துக் குழு கிளம்பியது. அதில் யார்க்‌ஷர் மாவட்டத்தின் செல்பி ஊரைச் சேர்ந்த ஜெமைமா மோரெல் இருந்தார். வயது 31. அவரும் அவருடைய நண்பர்களும், நான்கு பெண்களும் மூன்று ஆண்களுமாக, தங்களுக்குள் ஒரு ‘ஆல்ப்ஸ் சங்கம்’ அமைத்துக்கொண்டார்கள். சங்கத்தின் நாட்குறிப்பை எழுதும் பொறுப்பு ஜெமைமாவுக்கு.

டியெப் துறைமுகம், பாரிஸ், ஜெனிவா, ஷமோனி, கெம்மி கணவாய், இன்டர்லாக்கன், கிரின்டல்வால்ட், லூசெர்ன், ரீகி மலை என்று மூன்று வாரப் பயணம். விடியுமுன் எழுந்து, கோவேறு கழுதை மேலும் கால்நடையாகவும் மலையேறினார்கள். தரையைக் கூட்டும் அகலப் பாவாடையோடு அந்தப் பெண்கள் பனியாற்றைக் கடந்தார்கள். குக் தொடக்கத்தில்தான் உடன் இருந்தார். பிறகு வழிகாட்டிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழு தன் போக்கில் போனது. பாதுகாவலர் பாதியில் விலகிய பிறகும் பயணம் குலையவில்லை என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம். குழுவின் பெயரால் வீட்டைவிட்டு வெளியே வந்த பெண்கள், சில நாளிலேயே ரயில் அட்டவணை பார்ப்பதும் விடுதியில் பேரம் பேசுவதும் தங்களுக்கும் கைவரும் என்று கண்டுகொண்டார்கள்.

ஜெமைமாவின் நாட்குறிப்பு நெடுங்காலம் காணாமல் போயிருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்த லண்டன் கிடங்கு ஒன்றில், ஒரு தகரப் பெட்டிக்குள் அது கிடைத்தது. 1960-களில் புத்தகமானது. இன்று அந்தப் பாதையைச் சுவிட்சர்லாந்து நாட்டினர் குக்கின் பெயரால் ஒரு நடைபாதையாக வைத்திருக்கிறார்கள். ஜெமைமாவின் குழுவினர் கால்நடையாக ஏறிய ரீகி மலைக்கு 1871-இல் பற்சக்கர ரயில் வந்தது. அவர்கள் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த யுங்ஃப்ரா சிகரத்தின் தோளுக்கு 1912-இல் ரயில் போனது. 3,454 மீட்டர் உயரத்திலுள்ள அந்த நிலையத்தில் இன்று புடவையும் சுடிதாரும் கம்பளிச் சட்டையுமாக நம் ஊர்ப் பெண்களின் குழுக்களைக் கோடை நாளில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

போபாலிலிருந்து மெக்காவுக்கு

அதே 1863-ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியாவிலிருந்து இன்னொரு பெண் கடல் கடந்தார். போபாலை ஆண்ட நவாப் சிக்கந்தர் பேகம், தன் தாய் குத்சியா பேகத்தையும் பெரும் பரிவாரத்தையும் அழைத்துக்கொண்டு ஹஜ் யாத்திரைக்குக் கப்பலேறினார். 1864 ஜனவரியில் ஜித்தாவில் இறங்கினார். கண்டதையும் கேட்டதையும் உருதுவில் எழுதினார். 1870-இல் அது ஆங்கிலத்தில் வெளியானது. சுங்கச் சாவடியில் தன் சாமான்களுக்குக் கேட்ட வரி, தெருக்களின் துப்புரவு, அதிகாரிகளின் போக்கு என்று எல்லாவற்றையும் ஓர் ஆட்சியாளரின் கண்ணோடு அவர் எடைபோட்டிருக்கிறார்.

அவர் அரசி. தன் துணையைத் தானே முடிவு செய்துகொள்ள அவரால் முடிந்தது. சாதாரண இந்திய முஸ்லிம் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

ஹஜ் செல்லும் பெண்ணுடன் மஹ்ரம், அதாவது கணவரோ அல்லது திருமணம் செய்துகொள்ளத் தடையுள்ள நெருங்கிய ஆண் உறவினரோ வர வேண்டும் என்பது நீண்டகால விதி. கணவரை இழந்து, மகனும் இல்லாத பெண், கையில் பணம் இருந்தும் போக முடியாமல் இருந்தார். 2018 ஹஜ்ஜுக்கு இந்திய அரசு விதியைத் தளர்த்தியது. 45 வயதைக் கடந்த பெண்கள், அவர்கள் சார்ந்த மத்ஹப், அதாவது இஸ்லாமியச் சட்டப் பிரிவு, அனுமதித்தால், குறைந்தது நான்கு பேராகச் சேர்ந்து மஹ்ரம் இல்லாமல் விண்ணப்பிக்கலாம் என்றானது. முதல் ஆண்டிலேயே சுமார் 1,300 பெண்கள் விண்ணப்பித்தார்கள். குலுக்கல் இல்லாமல் எல்லோருக்கும் இடம் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேரளப் பெண்கள்.

இதற்குக் காரணம் உண்டு. நம்பகமான பெண்களின் கூட்டம் உடன் இருந்தால், கடமையான ஹஜ்ஜைப் பெண் நிறைவேற்றலாம் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டக் கருத்து. கேரள முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் ஷாஃபிகள். நம் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் அதே மரபு உண்டு. பெண்ணுக்குப் பெண்களே துணையாக முடியும் என்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய சட்ட அறிஞர்கள் ஏற்றிருக்கிறார்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

2022-இல் சவூதி அரசும் மஹ்ரம் கட்டாயமில்லை என்று அறிவித்தது. 2023-இல் தனியாக விண்ணப்பித்த பெண்களையும் ஏற்று, மற்றப் பெண்களோடு சேர்த்துக் குழுவாக்கும் வேலையை ஹஜ் கமிட்டியே செய்தது. அந்த ஆண்டில் 4,000-க்கும் அதிகமான இந்தியப் பெண்கள் மஹ்ரம் இல்லாமல் போய்வந்தார்கள். ஜூன் 8 அன்று கோழிக்கோட்டிலிருந்து ஜித்தாவுக்குப் பறந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 145 பயணிகள். அத்தனை பேரும் பெண்கள். விமானத்தை ஓட்டியவர்களும் பணிப்பெண்களுமாக ஊழியர் அனைவரும் பெண்கள். பயணிகளில் மூத்தவருக்கு வயது 76.

கையெழுத்துக்கு யார்?

துணைக் கேள்வியைத் தாண்டினாலும், அடுத்து ஒரு கையெழுத்துக் கேள்வி காத்திருந்தது. திருமணமான பெண் பாஸ்போர்ட் எடுக்கப் போனால் திருமணச் சான்று, கணவரோடு சேர்ந்து கொடுக்கும் உறுதிமொழி என்று காகிதங்கள் கேட்ட காலம் இருந்தது. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளை மாற்றியது. திருமணச் சான்று தேவையில்லை. மணமுறிவு பெற்றவர் முன்னாள் கணவரின் பெயரைக் குறிப்பிடத் தேவையில்லை. தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும்.

விதி மாறியும் வழக்கம் சில இடங்களில் தொடர்ந்தது. சென்னையில் கணவரோடு வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், கணவரின் கையெழுத்து வேண்டும் என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்டார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தெளிவான தீர்ப்பு கொடுத்தார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க மனைவிக்குக் கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை. அப்படிக் கேட்பது, திருமணமான பெண்ணைக் கணவரின் உடைமையாகப் பார்க்கும் மனப்பான்மை என்று அவர் கண்டித்தார். இந்தத் தீர்ப்பு ஒவ்வொரு மகளிர் குழுவிலும் வாசிக்கப்பட வேண்டியது.

அறைத்தோழி

இந்தியாவில் பெண்களுக்கென்றே வெளிநாட்டுச் சுற்றுலா நடத்துவது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. டெல்லியில் பயண எழுத்தாளர் சுமித்ரா சேனாபதி 2005-இல் பெண்களுக்கான பயணக் குழு ஒன்றைத் தொடங்கினார். மும்பையில் வழக்கறிஞராக இருந்த பியா போஸ் 2008-இல் அதே வேலையில் இறங்கினார். மராட்டியத்தில் தந்தையின் சுற்றுலா நிறுவனத்தில் வளர்ந்த வீணா பாட்டில், மகளிர் மட்டும் போகும் சுற்றுலாவைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். 2013-இல் அவர் சொந்தமாகத் தொடங்கிய நிறுவனத்திலும் அது முக்கியமான பிரிவு. அந்தச் சுற்றுலாவில் ஆடல் பாடலும் ஃபேஷன் ஷோவும் உண்டு. எழுபது வயதுப் பாட்டியும் மேடையில் நடந்து வருவார்.

பெண்கள் மட்டும் என்று ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் கட்டண அட்டையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். சுற்றுலாக் கட்டணம் எப்போதும் ட்வின் ஷேரிங் அடிப்படையில், அதாவது இருவர் ஓர் அறையில் தங்குவதாகக் கணக்கிட்டுச் சொல்லப்படும். தனியாக வருபவர் முழு அறைக்கும் ‘சிங்கிள் சப்ளிமென்ட்’ என்று கூடுதலாகக் கட்ட வேண்டும். ஐரோப்பியப் பயணத்தில் அது பெருந்தொகை. கணவரை இழந்தவர், மணம் செய்துகொள்ளாதவர், கணவருக்குப் பயணத்தில் விருப்பமில்லாதவர் ஆகிய எல்லோருக்கும் வழி அடைபடுவது இந்த இடத்தில்தான். மகளிர் குழுவில் நிறுவனமே ஓர் அறைத்தோழியைச் சேர்த்துவிடும். கூடுதல் கட்டணம் போய்விடும். கலப்புக் குழுவில் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்க, தனியாக வந்த பெண் பேருந்தின் கடைசி இருக்கையில் ஒண்டிக்கொள்ளும் சங்கடமும் போய்விடும்.

இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. குடும்பத்தோடு சிங்கப்பூர் போன பெண்ணும் அங்கே அம்மாவாகவும் மனைவியாகவும்தான் இருக்கிறார். யாருக்குப் பசிக்கிறது, யாருடைய மாத்திரை எந்தப் பையில், யார் குளித்தாயிற்று என்ற கணக்கு அவரோடு விமானத்தில் ஏறி, அவரோடு திரும்பி வருகிறது. மகளிர் குழுவில்தான் பலர் முதன்முறையாகத் தன் ஒரு பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு பத்து நாள் இருக்கிறார்கள். காலை உணவு மேசையில் மற்றவர் தட்டைப் பார்க்காமல் தன் தட்டில் தனக்குப் பிடித்ததை எடுத்துவைக்கிறார்கள். இது சிறிய விஷயமில்லை. முப்பது ஆண்டு சமைத்துப் பரிமாறிய கைக்கு இது பெரிய விடுதலை.

குழுப் பயணத்துக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆறு மணிக்கு எழுப்புவார்கள், ஏழு மணிக்குச் சிற்றுண்டி, எட்டு மணிக்குப் பேருந்து. தாமதமாக வருபவருக்காகப் பேருந்து ஏன் காத்திருக்காது என்று பலருக்குக் கோபம் வரும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். ஒரு நாளின் ஓட்டும் நேரத்துக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரம் வரம்பு. இந்த நேரமெல்லாம் வண்டியிலுள்ள கருவியில் பதிவாகும். காலையில் போன அரை மணி நேரம், மாலையில் ஓர் அருங்காட்சியகத்தை விழுங்கிவிடும். இதைக் கிளம்புமுன் நடக்கும் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால், மனத்தாங்கல் பாதி குறையும்.

கழிப்பறையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஜெர்மனியின் நெடுஞ்சாலை ஓய்வகங்களில் கழிப்பறைக்குப் பல இடங்களில் ஒரு யூரோ கட்டணம். சில்லறை இல்லாமல் கதவருகே தவிக்கும் பெண்கள் உண்டு. வழியில் கழிப்பறை கிடைக்குமோ என்று பயந்து, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு ஊர் திரும்புபவர்களும் உண்டு. எந்த இடைவெளியில் வண்டி நிற்கும் என்பது பயணத் திட்டத்தில் அச்சிடப்பட வேண்டும். கோட்டை, தேவாலயம் எல்லாம் அச்சில் இருக்கிறபோது இது மட்டும் வாய்மொழியில் இருப்பது நியாயமில்லை.

அதேபோல, மகளிர் சுற்றுலா என்றாலே கடைவீதி என்று திட்டம் போடும் பழக்கம் மாற வேண்டும். கமிஷன் வரும் கடைகளில் இரண்டு மணி நேரமும், அருங்காட்சியகத்துக்கு அரை மணி நேரமும் ஒதுக்கும் திட்டத்தை ஏற்க வேண்டியதில்லை. பணம் கட்டுமுன் மணிக்கணக்கைக் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு.

முக்திநாத் வழியில்

தமிழ்ப் பெண்கள் குழுவாகக் கடக்கும் அயல்நாட்டு எல்லைகளில் நேபாள எல்லை முக்கியமானது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம்தான் இன்றைய முக்திநாத். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இந்தியருக்கு விசா வேண்டாம். பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறிய விமானம். பகலில் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று ஓங்கிவிடும் என்பதால் காலையில்தான் பறக்கும். கோயில் இருப்பது 3,700 மீட்டருக்கு மேலே. யுங்ஃப்ரா ரயில் நிலையத்தைவிட உயரம். 108 நீர்த்தாரைகளில் குளித்துக் கும்பிடும் ஆசையில் வரும் மூத்த பெண்கள், உயரத்துக்கு உடம்பைப் பழக்க ஒரு நாளாவது இடையில் தங்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது.

அந்தப் பொக்காராவில்தான் லக்கி, டிக்கி, நிக்கி என்ற சேத்ரி சகோதரிகள் மூவர் இருக்கிறார்கள். டார்ஜிலிங்கில் வளர்ந்தவர்கள். 1990-களில் ஏரிக்கரையில் தங்கும் விடுதி நடத்தினார்கள். மலைநடைக்குப் போய்த் திரும்பிய பெண்கள், உடன் வந்த ஆண் வழிகாட்டிகள் சிலரின் நடத்தையைப் பற்றி அங்கே வந்து குமுறினார்கள். மூவரும் தாங்களே வழிகாட்டிகளாகக் கிளம்பினார்கள். பிறகு நேபாளத்தின் ஏழைக் கிராமத்துப் பெண்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். 1999-இல் அதற்கென ஒரு தொண்டு நிறுவனமும் அமைத்தார்கள். மலையில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்ட ஊரில், இன்று பெண் வழிகாட்டியைக் கேட்டு வாங்குகிறார்கள்.

சுற்றுலாத் தொழிலில் வேலை செய்பவர்களில் 54 விழுக்காடு பெண்கள் என்று உலகச் சுற்றுலா அமைப்பின் 2019 அறிக்கை சொல்கிறது. அறை துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவர்களில் பலருடைய வேலை. வழி காட்டுவதும் குழுவை நடத்துவதும் கிடைத்தால் அவர்களின் வருமானமும் மதிப்பும் வேறு. ஆஸ்திரேலியாவின் இன்ட்ரெப்பிட் நிறுவனம் 2018-இல் மொராக்கோ, ஜோர்டான், ஈரான் நாடுகளுக்கு மகளிர் பயணங்களைத் தொடங்கியபோது, உள்ளூர்ப் பெண்களையே தலைவர்களாக வைத்தது. ஆண்கள் நுழைய முடியாத பெண்கள் குளியலகம், அழகு நிலையம், வீட்டுச் சமையற்கட்டு ஆகியவற்றுக்குள் அந்தக் குழுக்கள் போயின. கலப்புக் குழுவுக்குத் திறக்காத வாசல்கள் இவை. பெண்கள் சேர்ந்து போவதால் பார்ப்பதும் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நம் கோயம்புத்தூரும் இந்த வரலாற்றில் இருக்கிறது. 2017 மார்ச்சில் மீனாட்சி அரவிந்தும் அவர் தோழியரும் கோவையிலிருந்து காரில் லண்டனுக்குக் கிளம்பினார்கள். 24 நாடுகள், சுமார் 24,000 கிலோமீட்டர், 70 நாள் என்பது திட்டம். எழுத்தறிவுப் பணிக்கு ஆதரவு திரட்டுவது நோக்கம். மியான்மர், சீனா, மத்திய ஆசியா வழியாகத் தாங்களே வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்தார்கள்.

பணமும் ஒப்பந்தமும்

தாமஸ் குக் தொடங்கிய நிறுவனம் 178 ஆண்டுக்குப் பிறகு, 2019 செப்டம்பர் 23 அன்று இங்கிலாந்தில் திவாலாகி மூடப்பட்டது. அன்றைக்கு சுமார் 1,50,000 பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாடுகளில் இருந்தார்கள். அவர்களை விமானம் அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பயணியின் பெயரிலும் சிறு தொகை வசூலித்துச் சேர்த்த பாதுகாப்பு நிதி அங்கே இருந்தது பெரிய உதவி. இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் நிறுவனம் தனியானது, அதற்குப் பாதிப்பில்லை. ஆனால் அப்படியொரு கட்டாயப் பாதுகாப்பு நிதி இந்தியாவில் இல்லை. தெரிந்தவர் சொன்னார், பக்கத்துத் தெரு அக்கா சேர்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கட்டும் பெண்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், விசா கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு, விடுதியின் பெயர் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகையோடு டிசிஎஸ் என்ற வரியையும் முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமானம் இல்லாத இல்லத்தரசி, கணக்குத் தாக்கல் செய்தால் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பணம் அவருடைய பான் எண்ணில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். பெண்ணின் பெயரில் கணக்கும் சேமிப்பும் இல்லாவிட்டால், மகனோ கணவரோ செலவை ஏற்பதாகக் கடிதம் தர வேண்டிவரும். துணைக்கு ஆள் தேவைப்படாத பிறகும், பணத்துக்கு ஆள் தேவைப்படும் நிலை இது. சொந்தக் கணக்கும் சொந்தப் பான் அட்டையும் உள்ள பெண் இந்தக் கடிதத்துக்காக யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

பெட்டி கட்டும்போது இரண்டு எச்சரிக்கைகள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். பருப்புப்பொடி பாதகமில்லை.

இனி செய்ய வேண்டியது

அரசிடம் ஒரு கோரிக்கை. ஹஜ் பயணத்துக்குத் தனியாக விண்ணப்பித்த பெண்களைக் குழுவாகச் சேர்த்தனுப்ப ஓர் அமைப்பால் முடிகிறது. முக்திநாத்துக்கும், வேளாங்கண்ணி அன்னையின் பக்தைகள் போக விரும்பும் லூர்து நகருக்கும், பௌத்தப் பெண்கள் போக விரும்பும் லும்பினிக்கும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதே முறையைக் கடைப்பிடிக்கலாம். தனியாக வரும் பெண்ணுக்கு அறைத்தோழியைச் சேர்த்துக்கொடுப்பதும், கூடுதல் கட்டணம் இல்லாமல் செய்வதும் அதன் முதல் விதியாக இருக்கட்டும். சுற்றுலா நடத்துவோர், பெண் சுற்றுலா மேலாளர்களைப் பெயரளவுக்கு இல்லாமல் முழுப் பொறுப்போடு நியமிக்க வேண்டும்.

வீட்டிலுள்ள ஆண்களிடமும் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். அம்மா பத்து நாள் இல்லாவிட்டால் வீடு என்னாகும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய கைப்பேசிக்கு மணிக்கொருதரம் அழைத்து, “எங்கே இருக்கே?” என்று கேட்காமல் இருங்கள்.

இங்கே வந்திருக்கும் சகோதரிகள் எந்த ஊருக்குப் போவதென்று இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். 2017 முதல் அஞ்சலகங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையங்கள் திறந்துவருகின்றன. சென்னைக்கும் மதுரைக்கும் அலைய வேண்டிய ஊர்கள் குறைந்துவிட்டன. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், பத்தாண்டு செல்லும். அறுபதைக் கடந்தவர்களின் புதுப் பாஸ்போர்ட்டுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.